ஜன்னலில் வைத்த பற்கள்

பல் மருத்துவம் கற்பிப்பதே என் பிறவிப்பயன் என்று நாலைந்து மேடைகளில் பேசியிருக்கிறேன், மாலையும் வாங்கிக்கொண்டிருக்கிறேன். அத்தனையும் பொய். என்னை ஆசிரியனாக்கியது ஓர் ஊறுகாய் ஜாடி.

யுத்தம் முடிந்த சமயம். பம்பாயில் பட்டம் வாங்கிக்கொண்டு அரியலூரில் வந்து இறங்கினேன். கல்லூரியிலேயே துணை ஆசிரியராக இருக்கச் சொல்லியிருந்தார்கள். தை பிறப்பதற்குள் பதில் எழுத வேண்டும். ஆனால் அப்பா அதற்குள் கடைத்தெருவில் அறை பிடித்து, வெள்ளையடித்து, என் பெயருக்குப் பலகையும் மாட்டிவிட்டார். உடையார்பாளையம் வரைக்கும் சொல்லியும் ஆகிவிட்டது. சரி, இருந்து பார்ப்போம் என்று இருந்தேன்.

முதல் மாதம் கூட்டம் மோசமில்லை. பிடுங்கிய பற்களைக் கழுவி, வீட்டிலிருந்த கண்ணாடி ஊறுகாய் ஜாடியில் போட்டு, தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று ஜன்னலில் வைத்தேன். கல்லூரியில் அப்படித்தான் வைத்திருப்பார்கள்.

கல்லங்குறிச்சி விவசாயி ஒருவர் வாயில் பஞ்சோடு கையை நீட்டினார்.

"பல்லக் குடுங்க."

"சொத்தைப் பல்லு. அது எதுக்குங்க உங்களுக்கு?"

"எம் பல்லுங்க அது. வேற யாரு கையிலயாவது போயிடுச்சுன்னா?"

கிருமிகளைப் பற்றி ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றி அவரை அனுப்பிவைத்தேன். எங்கள் பக்கத்தில் வெட்டிய முடியையும் விழுந்த பல்லையும் பிறர் கையில் சிக்க விடமாட்டார்கள். சிக்கினால் செய்வினை வைத்துவிடுவார்கள் என்று பயம். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். பட்டம் வாங்கிய பிறகு தெரியாமல் போய்விட்டது.

மார்கழியில் ஒருவரும் வரவில்லை. என் ஜன்னல் வந்ததும் ஜனங்கள் எதிர்ச்சாரிக்கு மாறி நடந்தார்கள். அப்போதுதான் அப்பாவின் கன்னம் வீங்கியது.

"வந்து உக்காருங்கப்பா, பாத்துடறேன்" என்றேன்.

"தானா வத்திடும்" என்றார்.

மூன்றாம் நாள், பெட்ரோல் தட்டுப்பாட்டால் அப்போது கரியில் ஓடிக்கொண்டிருந்த பஸ் ஏறிப் பெரம்பலூர்ச் சந்தைக்குப் போனார். அங்கே குடைக்கடியில் உட்கார்ந்து பல் பிடுங்குகிற ஆளிடம் வாயைக் காட்டிவிட்டு, பல்லைத் துண்டு முனையில் முடிந்துகொண்டு திரும்பினார்.

"ஏம்ப்பா, நான் இங்கதான இருக்கேன்?"

"நீ பல்லத் திருப்பித் தரமாட்டியாமே."

அன்றே பம்பாய்க்கு எழுதிப் போட்டேன். கல்வித் தொண்டில் தணியாத ஆர்வம் என்று கடிதத்தில் எழுதியதாக ஞாபகம். பலகையைக் கழற்றியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டவர் அப்பாதான். 'இருடா' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இருந்திருப்பேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ரயில் புறப்படக் காத்திருந்தபோது, வழியனுப்ப வந்த உறவுக்காரர் ஒருவர் அப்பாவிடம் விசாரித்தது ஜன்னல் வழியே கேட்டது.

"இம்புட்டுப் படிச்சிட்டு வாத்தியார் வேலைக்கா போறான்?"

"அவனுக்கு அது சரியா வருமுங்க" என்றார் அப்பா. "அங்க வலியோட யாரும் வரமாட்டாங்க."