கோணக் கூடை

இருளம்மாள் மதினியின் கை சும்மா இருந்து எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. விஸ்வநத்தம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் குமரியாய் இருந்த நாளிலிருந்து சரவெடி பின்னியவள். ஒவ்வொரு வெடியின் திரியையும் நூலோடு சேர்த்துப் பின்னிச் சரமாக்குகிற வேலை. சரவெடிக்குக் கோர்ட்டு தடை போட்டதும் அவளைப் பெட்டி ஒட்டுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். "பின்னாம இருந்தா கை நமநமங்குது ராஜபாண்டி" என்பாள் என்னிடம். அந்த நமநமப்புக்குத்தான் சாயங்காலங்களில் வயர் கூடை பின்ன ஆரம்பித்தாள்.

நான் பால்காரன். அவள் வீட்டுக்காரர் மொக்கைச்சாமி எனக்குப் பெரியப்பா மகன், அண்ணன் முறை. லோடு ஏற்றுகிற வேலை, பனைமரம் மாதிரி உடம்பு, பேச்சு மட்டும் அளந்துதான் வரும். பிள்ளைகுட்டி கிடையாது. அதைப் பற்றி அவர்கள் பேசியும் நான் கேட்டதில்லை.

கொரோனா வந்து கம்பெனிக் கேட்டைப் பூட்டிய முதல் வருசம், தெருவில் ஆம்பளைகள் பாதிப் பேருக்குக் கிறுக்குப் பிடிக்காத குறை. வேப்பமரத்தடியில் சீட்டாடப் போய்ப் போலீஸிடம் முதுகில் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அண்ணன் மட்டும் பெண்டாட்டிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "எனக்கும் சொல்லிக்குடு புள்ள" என்று வயரைக் கையில் எடுத்தார். நான் விடுவேனா? "அண்ணே, அடுத்து கோலம் போடவும் படிச்சுக்கோங்க" என்று தினமும் பால் ஊற்றும்போது ஒரு குத்தல் போட்டுவிட்டுத்தான் போவேன்.

ஒரே கூடையை ஆளுக்கொரு பக்கமிருந்து பின்னினார்கள். வம்பு அங்கேதான் வந்தது. அண்ணன் பீச்சாங்கைக்காரர். மதினி போடுகிற முடிச்சு ஒரு பக்கம் சாய்ந்தால், அவர் போடுகிற முடிச்சு அதற்கு எதிர்ப்பக்கம் சாயும்.

"ஏங்க, கையைத்தான் மாத்துங்களேன். பின்னல் எங்கனயோ இழுத்துக்கிட்டுப் போகுது."

"நீ மாத்து புள்ள. சோறு திங்கதைத் தவிர எனக்கு எல்லாமே இந்தக் கைதான்."

இந்தச் சண்டை ஒரு நாள் கூட ஓயவில்லை. இரண்டு பின்னலும் நடுவில் வந்து சேர்ந்தபோது கூடை ஒரு பக்கம் கோணிக்கொண்டு நின்றது. "இதை எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு விக்கிறது? நம்ம வீட்டுக்கே இருக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே ஆணியில் மாட்டினாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஊரே பயந்து கிடந்த நேரத்தில் அந்த வீட்டில் மட்டும் புதுசாய்க் கல்யாணம் ஆனவர்கள் இருக்கிற மாதிரி இருந்தது.

மறு வருசம் கத்திரி வெயிலில் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. மூச்சு முட்டி ஆம்புலன்ஸ் வந்தபோது அந்தக் கோணக் கூடையில்தான் துண்டையும் சொம்பையும் போட்டுக் கொடுத்தாள். கைப்பிடி ஓரத்தில் வெட்டாமல் விட்ட வயர் ஒன்று முழ நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக் காட்டினாள். "தினமும் இதுல சோறு அனுப்புவேன். சாப்பிட்டா இந்த வயர்ல ஒரு முடிச்சுப் போட்டு அனுப்புங்க. முடிச்சு இல்லாமக் கூடை வந்துச்சு, நானும் பச்சைத் தண்ணி பல்லுல படாமக் கெடப்பேன், பாத்துக்கோங்க."

ஊரடங்கிலும் பால் வண்டியைப் போலீஸ் மறிக்க மாட்டார்கள் என்பதால் கூடையைக் கொண்டுபோகிற வேலை எனக்கு. ஆஸ்பத்திரிக் கேட்டில் கொடுத்தால் சாயங்காலம் காலியாகத் திருப்பித் தருவார்கள். மூக்கிலும் வாயிலும் ஆக்சிஜன் மாட்டியிருக்கிற ஆளிடம் போனில் என்ன பேச? அந்த வயர்தான் பேச்சு. மதினி கூடையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதற்கு முன்னால் முடிச்சைத்தான் தடவிப் பார்ப்பாள். பார்த்த பிறகுதான் அவள் தட்டில் சோறு விழும்.

முதலில் முடிச்சு இரும்பாய் இருந்தது. போகப் போகத் தளர்ந்தது. ஒரு நாள் பேருக்குச் சுற்றிவிட்ட மாதிரி இருந்தது. அதற்கு மறுநாள் பார்த்தால் முடிச்சு அவ்வளவு இறுக்கம்! எனக்கு வந்த சந்தோசத்தில் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தேன். "மதினி! அண்ணன் தேறிட்டாரு! முடிச்சப் பாருங்க, எம்புட்டு இறுக்கம்!"

வாங்கித் தடவினாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது அவுக கை இல்ல."

"கிறுக்கா ஒங்களுக்கு? வேற யாரு போடுவா?"

"வலப்பக்கம் சாஞ்சிருக்கு ராஜபாண்டி. அவுக முடிச்சு இப்படிச் சாயாது."

அன்று அவள் சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை. விடிந்ததும் பால் ஊற்றக்கூடப் போகாமல் ஆஸ்பத்திரிக் கேட்டில் போய் நின்று, கூடை வாங்குகிற அக்காவைப் பிடித்துக்கொண்டேன். அவள் உள்ளே போய் விசாரித்து வந்து சொன்னாள்.

"அவரை மெசின் வைக்கிற ரூமுக்கு மாத்திட்டாகப்பா. நெனவு இல்ல. பக்கத்துக் கட்டில்ல வெள்ளைத்துரைன்னு ஒருத்தரு, வெம்பக்கோட்டைக்காரரு, அவருதான் முடிச்சுப் போட்டு அனுப்புறாராம். 'நான் போட முடியாமப் போனா நீங்க போட்டு அனுப்புங்க, இல்லாட்டி அவ சோறு திங்க மாட்டா'ன்னு ஒங்க அண்ணன் அவரு கையப் பிடிச்சுச் சொல்லிட்டுப் போனாராம்."

"வீட்டுக்கு ஒரு போன் போடக் கூடாதா?" என்று கத்தினேன்.

"போட்டாகளே. எடுக்கலையாம்." அவள் காட்டிய நம்பரைப் பார்த்தேன். அண்ணனுடைய நம்பர். ஆம்புலன்ஸில் ஏற்றுகிறபோது வீட்டு நம்பர் கேட்டிருக்கிறார்கள். அந்த வீட்டில் இருந்தது ஒரே போன். அதைத்தான் மதினி சொல்லியிருக்கிறாள். அது சார்ஜ் செத்து அவர் தலைமாட்டிலேயே கிடந்திருக்கிறது. யாரை நான் நோக? என் நம்பரை எழுதச் சொல்லிவிட்டு வந்தேன்.

மறைக்கலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேட்டுவிட்டு, "அந்த அண்ணனுக்குச் சோறு யாரு கொண்டாராக?" என்றாள். யாரும் வரவில்லை போல என்றேன். மறுநாளிலிருந்து கூடையில் சோறு கூடியது.

இரண்டு நாள் கழித்து விடிகாலையில் என் போன் அடித்தது. பாலைத் தரையில் வைத்துவிட்டு அவள் வாசலில் போய் நின்றேன். என்னைப் பார்த்ததுமே, "போய்ட்டாகளா?" என்று அவளே கேட்டாள். அண்ணனை ஆஸ்பத்திரியிலேயே சுற்றிக் கட்டி, அங்கே பக்கத்துச் சுடுகாட்டிலேயே எரித்தார்கள். முகத்தைக் காட்டவில்லை. இழவு வீட்டுக்குச் சோறு கொண்டுவர வேண்டிய சொந்தபந்தம் தெருமுனையோடு நின்றுகொண்டது.

மறுநாள் காலையில் மதினி வீட்டில் புகை. எனக்கு வந்ததே கோபம். "இழவு விழுந்த வீட்டுல அடுப்பா பத்த வைக்கிறீக? ஊரு என்ன பேசும்?"

"எந்த ஊரு? எட்டிப் பாத்துச்சா?" ரசத்தை இறக்கினாள். "அவுக பேச்சுக்காக முடிச்சுப் போட்ட மனுசன் அங்கன பசியாக் கெடப்பாரு. கொண்டுபோய்க் குடு."

கொண்டுபோய்க் கொடுத்தேன். வெள்ளைத்துரை பிழைத்து வீடு போகிறவரை கொடுத்தேன். சாயங்காலம் கூடை வரும்போதெல்லாம் அந்த வயரில் வலப்பக்கம் சாய்ந்த முடிச்சு ஒன்று கூடியிருக்கும். அதைத் தடவிவிட்டுத்தான் அவளும் சாப்பிட உட்காருவாள்.

இப்போது கம்பெனி நடக்கிறது, சீசன் வருகிறது, போகிறது. மதினியும் போகிறாள், வருகிறாள். போன வாரம் பால் ஊற்றப் போனபோது புதுக் கூடை ஒன்று பாதியில் கிடந்தது. ஒரு பக்கம் நறுவிசாய் முடிந்திருந்தது. இன்னொரு பக்கத்தை நத்தை வேகத்தில் பின்னிக்கொண்டிருந்தாள். வயர் நழுவ நழுவ, "சனியன் பிடிச்ச கை" என்று திட்டிக்கொண்டாள். கிட்டே போய்ப் பார்த்தேன். இடது கையால் பின்னிக்கொண்டிருந்தாள்.

"என்ன மதினி இது? கூடை கோணிப் போகும், யாரும் வாங்க மாட்டாக."

"கோணட்டும்" என்றாள் நிமிராமல். "அவுக பாதிய யாரு பின்னுறது?"