பாட்டுக்கு முன்னால் ஒரு பெரட்டு

பசறைப் பாதையில் பாதித் தூரம் இறங்கிய பிறகுதான் குடைக்கம்பி என் கையிலேயே இருப்பதைக் கவனித்தேன். துணி கிழிந்துபோன ஒரு குடையின் நடுக்கம்பி. நுனியில் சைக்கிள் டியூப்பைச் சுற்றி, கைப்பேசியைச் செருக நானே இடம் செய்திருந்தேன். பாட்டுக்கார அக்காவின் நேரலை நிகழ்ச்சிகள் எல்லாம் அந்தக் கம்பியின் உச்சியிலிருந்துதான் வெளியூர்களுக்குப் போயின. மறுநாள் வெள்ளிக்கிழமை காலை அடுத்த நிகழ்ச்சி. நான் லுணுகலையை விட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

விட்டுப் போவது எனக்குப் புதிதில்லை. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டேன். பிறகு கொழும்பில் ஒரு புடவைக்கடை, பதுளையில் ஒரு சாப்பாட்டுக்கடை, அப்புறம் கைப்பேசி திருத்தும் கடை. எங்கேயும் சண்டை போட்டதில்லை. ஒருநாள் பையைத் தூக்குவேன், அவ்வளவுதான். பஸ் நிலையத்திலும் படுத்ததுண்டு. மழை இல்லாவிட்டால் அதுவும் ஒரு இடந்தான்.

அக்கா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். திருவிழா வந்தால் மேடையில் பாடுவார். கீபோர்டுக்கு ஒரு தம்பி, டிரம்ஸுக்கு ஒரு அண்ணன். மேடைகள் குறைந்துபோன காலத்தில் அவர்கள் நேரலைக்கு வந்தார்கள். கைப்பேசி தெரிந்தவன் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

எங்கள் மேடைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அன்பளிப்புக் கொடுத்தவரின் பேரைப் பாட்டை நிறுத்திச் சொல்ல வேண்டும். "மேல் டிவிசன் இன்னார் குடும்பம்" என்றதும் கூட்டம் திரும்பிப் பார்க்கும். அவர் வேட்டியைச் சரிசெய்துகொள்வார். அதையே நேரலைக்கும் கொண்டுவந்தோம். யாராவது ஒரு இதயக்குறி போட்டால் போதும், சரணம் நின்றுவிடும். வணக்கம் சொல்லி, ஊர் சொல்லி, சுகம் விசாரித்துவிட்டுத் திரும்பும்போது அக்காவின் சுருதி எங்கோ போயிருக்கும். திரையின் மூலையில் பார்ப்பவர் எண்ணிக்கை கரைந்துகொண்டே வரும்.

"இது மேடை இல்லக்கா. மேடையில எந்திரிச்சுப் போக வெக்கப்படுவாங்க. போன்ல விரலால தள்ளிட்டுப் போயிருவாங்க" என்றேன்.

"பேரு சொல்லாமப் பாடுறதுக்கு ரேடியோ இருக்கேடா" என்றார் டிரம்ஸ் அண்ணன்.

என் பேச்சுதான் எடுபட்டது. ஒரு பேரும் சொல்லாமல் பாட்டை மட்டும் பாடினோம். அது முன்னதைவிட மோசம். குவைத்தில் வீட்டுவேலை செய்யும் ஒரு பெண் எழுதியிருந்தார்: "பாட்டு எங்கயும் கேக்கலாம். எங்க பேரைக் கூப்பிட இங்க யாரு இருக்கா?"

அக்கா அதைப் படித்துவிட்டுக் கைப்பேசியை என்னிடம் திருப்பித் தந்தார். அடுத்ததும் இப்படிப் போனால் குழுவைக் கலைத்துவிட்டுக் கொழும்புக்குப் போகிறோம் என்று தம்பியும் அண்ணனும் சொல்லிவிட்டார்கள். கொழுந்து பறிக்கும்போது வாய்க்குள் பாடிக்கொள்வதுதான் அக்காவுக்கு மிஞ்சும். அதை நின்று பார்க்க எனக்கு மனமில்லை. பையைத் தூக்கினேன்.

பாதைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். கணக்கப்பிள்ளை பேர் பேராகக் கூப்பிட்டார். ஒருத்தியின் பேருக்குப் பதில் வரவில்லை. "அவ புருசனோட போன்ல இருக்கா, அடுத்த மாசம் வருவா" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டிலும் இப்படித்தான். தப்பு முழங்கும், பேர் கூப்பிடுவார்கள், "இருக்கேங்க" என்று சொல்லிவிட்டு மலைக்கு ஏறினால் அப்புறம் கை நிற்காது. நாங்கள் பேர் சொன்னதில் பிழை இல்லை, சொன்ன இடத்தில்தான் பிழை என்று அங்கே நின்றபோது பட்டது.

மதகில் உட்கார்ந்து அக்காவை அழைத்தேன்.

"மொதல்ல பெரட்டு வைப்போம்க்கா. தப்பு அடிச்சு, எல்லாப் பேரையும் கூப்பிட்டு முடிச்சிருவோம். அப்புறம் நீங்க நிறுத்தாமப் பாடுங்க."

"பெரட்டுக்குப் பயந்துதானே பாதிச் சனம் தோட்டத்தை விட்டு ஓடுச்சு?"

"ஓடினவங்களைத்தான் கூப்பிடப் போறோம்."

"குடைக்கம்பியத் தூக்கிட்டு ஓடினவன் பேச்சையும் கேக்க வேண்டியிருக்கு. மொதல்ல அதக் கொண்டாந்து சேரு" என்றார்.

இப்போது எங்களிடம் கைப்பேசியை நிறுத்த நல்ல முக்காலி இருக்கிறது. குழுவில் யாரும் கொழும்புக்குப் போகவில்லை. பாட்டு நடக்கும்போது ஒருவரும் பேசுவதில்லை. பிந்தி வருகிறவர்களைத் தோட்டத்தில் திருப்பி அனுப்புவார்கள். நாங்கள் கடைசியில் இன்னொரு பெரட்டு வைக்கிறோம். அதில் கேலி அதிகம் என்பதால் சிலர் வேண்டுமென்றே பிந்தி வருகிறார்கள். குடைக்கம்பி அக்கா வீட்டுச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. என் பையும் அதே ஆணியில்தான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பேர் கூப்பிடும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். டிரம்ஸ் அண்ணன் எங்கிருந்தோ தப்பு ஒன்று வாங்கி வந்து, நெருப்பில் காய்ச்சி அடித்தார். "மடுல்சீமை" என்று முதல் ஊரைக் கூப்பிட்டேன். தோஹாவிலிருந்து ஒருவர் "இருக்கேங்க, தோட்டத்துத் துரை வந்துட்டாரா?" என்று எழுதினார். அதன்பின் பேர்கள் வந்துகொண்டே இருந்தன. ஒருவர் "மீரியபெத்த" என்று மட்டும் போட்டிருந்தார். மண் சரிந்து மூடிய லயத்து வரிசை வீடுகள் அவை; தப்பியவர்கள் வேறிடத்தில் குடியிருக்கிறார்கள். கூப்பிடலாமா என்று அக்காவைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார். கூப்பிட்டேன். "இருக்கோம்" என்று வந்தது. அதன் கீழே இன்னொரு "இருக்கோம்." இன்னொன்று.

"நம்ம கணக்கப்பிள்ளை பேரை யாரு கூப்பிடுறது?" என்றார் டிரம்ஸ் அண்ணன், என்னைக் காட்டி.

அக்கா என் பேரைக் கூப்பிட்டார். குடைக்கம்பி ஆடாமல் பிடித்துக்கொண்டு, "இருக்கேங்க" என்றேன். அவர் பாடத் தொடங்கினார். முடியும்வரை பாட்டு எங்கும் நிற்கவில்லை.