சவ்வூடு பரவல் அல்லது கொதிநிலை

என் மனைவி வேதியியல் தேர்வில் சொல்லச் சொல்ல விடைகளை எழுதித்தர எனக்குத் தகுதியில்லை என்று தேர்வு அலுவலகத்தில் சொன்னார்கள். எழுதித்தருபவரின் படிப்பு தேர்வு எழுதுபவரின் படிப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது விதி. நான் சேலத்துக் கல்லூரி ஒன்றில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். பெயருக்குப் பின்னால் முனைவர் பட்டம் வரை உண்டு. அவள் பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். வேதியியலில் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நான் சொன்னதை மேசைக்கு அப்பால் இருந்தவர் மரியாதையாகவே கேட்டுக்கொண்டார்.

“ஒண்ணும் தெரியாதுங்கறதுக்கு சர்ட்டிபிகேட் இல்லீங்களே சார்” என்றார்.

நியாயமான பதில்தான். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அவளுடைய விரல்கள் அதற்கு முந்தைய ஆண்டே மரத்துப்போகத் தொடங்கியிருந்தன. நெடுநாள் சர்க்கரை நோய் முதலில் சிறுநீரகங்களைக் கெடுத்தது. பிறகு விரல் நுனிகளுக்கு வந்தது. தோசையைத் திருப்புவாள், பூப்பறிப்பாள். ஆனால் பேனாவைப் பிடித்து ஒரு பக்கம் எழுதி முடிக்க முடியாது. செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாட்களில் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கி டயாலிசிஸ் செய்துகொண்டு மாலையில் மலையேறுவோம். எங்கள் வாழ்க்கை அந்த மூன்று நாட்களாகவும், அவற்றுக்கு இடைப்பட்ட களைப்பாகவும் ஆகிவிட்டிருந்தது.

மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை முடிவுகளை மருத்துவர் என்னிடம்தான் சொல்வார், ஆங்கிலத்தில். கட்டிலில் படுத்திருப்பவள் எங்கள் இருவர் முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் திரும்பும்போது காரில் சொன்னாள்.

“எம் பொட்டாசியத்தைப் பத்தி நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறீங்க. அது எனக்குள்ளதான இருக்குது? எனக்கு மட்டும் அது என்னன்னு தெரியாது.”

பொட்டாசியம் ஓர் உலோகம் என்று தொடங்கி நான் ஏதோ சொன்னேன். உடம்புக்குள் உலோகம் எப்படி இருக்கும் என்று கேட்டாள். அடுத்த வாரம், பள்ளிக்குப் போகாமலே எழுதக்கூடிய தொடக்கநிலைத் தேர்வு ஒன்றுக்குத் தன்னைப் பதிந்துவிடச் சொன்னாள். வேதியியல், தமிழ் வழி. நோய் தரும் சலிப்புக்கு ஒரு மாற்று என்று நான் எடுத்துக்கொண்டேன். அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அந்தத் தேர்வில் தேறியாக வேண்டும் என்று அவள் விரும்பினாள். அவள் எதையாவது அந்த அளவுக்கு விரும்பி நான் அதற்கு முன் பார்த்ததில்லை, அல்லது கவனித்ததில்லை.

எங்களோடு அதே காரில் டயாலிசிஸுக்கு வருபவர் ஒருவர் இருந்தார். ஏற்காடு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மிளகும் காப்பித்தூளும் விற்கும் கடைக்காரர். அவருடைய தந்தை காலத்தில் சேலத்திலிருந்து மேலே வந்த குடும்பம். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு இடைஞ்சல் வராதபடி எங்கள் மூன்று நாட்களையும் பேசி வாங்கி வைத்தவர் அவர்தான். எங்களைவிட மிகவும் இளையவர். அந்த நோய்க்கு மிகவும் இளையவர் என்றும் சொல்ல வேண்டும். எழுதித்தர ஆள் கிடைக்கவில்லை என்று தெரிந்ததும் பின்னிருக்கையிலிருந்து தாமாகவே சொன்னார்.

“நான் ஒம்பதாவதுங்க அக்கா. அதுவும் ஃபெயிலு. என்னையவிடக் கொறைச்சலாப் படிச்ச ஆளு இந்தக் காருக்குள்ள கெடையாதுங்க.”

“நான் பத்தாவது பாஸுங்க” என்றார் ஓட்டுநர், கேட்காமலே.

“அப்ப நீ வண்டிய மட்டும் ஓட்டு. உனக்குத் தகுதி பத்தாது” என்றார் கடைக்காரர்.

இப்படித்தான் பாடம் காருக்குள் வந்தது. கொண்டைஊசி வளைவுகளில் புத்தகத்தைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். ஆகவே கேள்விகளை வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொண்டு முன்னிருக்கையில் அமர்ந்து ஒவ்வொன்றாகக் கேட்பேன். அவள் பதில் சொல்வாள். அது சரியா தவறா என்று எனக்குத் தெரியாது. அடிவாரம் வந்து சாலை நேரான பிறகு புத்தகத்தைத் திறந்துதான் தீர்ப்புச் சொல்ல முடியும். அதுவரை மூவரும் காத்திருப்பார்கள். கடைக்காரர் எழுதிப் பழகுவதற்காகக் கடையில் பொட்டலம் கட்டும் தாள்களைக் கொண்டுவருவார்.

“பெரிய எச்சு. அதுக்குக் கீழ பொடிசா ரெண்டு. அப்புறம் எஸ்சு, பெரிய ஓ, அதுக்குக் கீழ பொடிசா நாலு” என்று அவள் சொல்வாள்.

“எதுக்குங்கக்கா இத்தனை பொடிசு? ஒரே அளவா எழுதுனா ஆகாதா?”

“அந்தப் பொடிசு மாறுச்சுன்னா ஆளே வேற தம்பி. ஒரு ஓ கொறைஞ்சா அது கந்தக அமிலமே இல்ல.”

அணுக்களின் இணைதிறனை அவள் கைகளாக வைத்துப் படித்தாள். ஹைட்ரஜனுக்கு ஒரு கை, ஆக்சிஜனுக்கு இரண்டு, கார்பனுக்கு நான்கு. கடைக்காரர் ஊசித்தழும்புகள் புடைத்திருந்த தம் இடக்கையைத் தூக்கிக் காட்டுவார்.

“நமக்கு ஒண்ணுங்க அக்கா. இன்னொண்ணை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தாச்சு.”

இப்படிப்பட்ட பேச்சுக்கு நான் சிரிப்பதில்லை. அவள் சிரிப்பாள்.

ஒருநாள் மந்த வாயுக்களைப் பற்றிக் கேட்டேன். அவை ஏன் பிற தனிமங்களோடு எளிதில் வினைபுரிவதில்லை என்பது கேள்வி.

“வெளிக்கூடு நெறஞ்சிருக்குது. அதுக்கு யாரும் வேண்டியதில்லை” என்றவள் கொஞ்சம் நிறுத்தி, “ஒரே ஊட்டுல எத்தனை வருசம் கூட இருந்தாலும் வாயத் தொறக்காது” என்றாள்.

“இது புஸ்தகத்துல இருக்குதுங்களா, முன்சீட்டுல இருக்குதுங்களா?” என்று கேட்டார் கடைக்காரர்.

ஓட்டுநர் சிரித்ததில் கார் சற்று ஆடியது. நான் அடுத்த கேள்விக்குப் போனேன்.

அவளுக்கு எல்லாப் பாடமும் எளிதாக வரவில்லை. மோல் கணக்கில் பலமுறை தடுமாறினாள். சமன்பாட்டின் இரு பக்கமும் அணுக்களைச் சரிசெய்யும்போது ஒரு பக்கத்தை மறந்துவிடுவாள். ஆனால் கரைசல்கள் பற்றிய பாடத்தை அவளிடம் கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. இயந்திரத்தோடு படுத்திருக்கும்போது, ரத்தத்தை வடிகட்டுவதற்காகத் தலைமாட்டில் தொங்கும் நீள் உருளையைக் காட்டிச் செவிலியரிடம் விளக்கம் சொல்லுவாள். சவ்வு தண்ணீரை மட்டும் விட்டால் அது சவ்வூடு பரவல். சிறிய உப்புகளையும் விட்டுப் பெரிய புரதங்களைத் தடுத்தால் அது டயாலிசிஸ். புத்தகத்தில் ஒரு பத்தியாக இருந்தது அவளுக்கு வாரத்தில் மூன்று நாள் நடந்துகொண்டிருந்தது. தாளில் அந்தக் கேள்வி வந்துவிட்டால் அவள் தேறிவிடுவாள் என்று நான் கணக்கிட்டு வைத்திருந்தேன்.

தேர்வு ஒரு திங்கட்கிழமையில் விழுந்தது. எங்களுக்கு அது வாரத்தின் மோசமான நாள். சனிக்கிழமைக்குப் பிறகு இரண்டு நாள் நீர் உடம்பிலேயே தேங்கியிருக்கும். நான்கு எட்டு வைத்தால் அவளுக்கு மூச்சு வாங்கும். மழையும் மூடுபனியுமாக இருந்த காலையில் கீழே இறங்கினோம். கடைக்காரர் வெள்ளைச் சட்டை போட்டு, எண்ணெய் தடவித் தலைவாரி வந்திருந்தார். அவருக்கும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தது. தேர்வறை தரைத்தளத்தில் இருந்தது பெரிய உதவி. இருவருக்கும் தனியாக ஒரு சிறிய அறை கொடுத்திருந்தார்கள். நான் வாசல் வரை போனேன்.

“ஏனுங்க, நீங்க அந்தப் பக்கமாப் போய் உக்காருங்க” என்றாள். “நீங்க இங்கயே நின்னுட்டிருந்தீங்கன்னா எனக்கு வராது.”

நான் சுற்றுச்சுவர் ஓரமாக இருந்த பெஞ்சில் அமர்ந்தேன். பல ஆண்டுகள் தேர்வறைகளுக்குள் மேற்பார்வையாளனாக நடந்தவன். வெளியே உட்கார்ந்திருப்பது அதுவே முதல் முறை.

மணி அடித்ததும் அவள் கடைக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எப்படி எழுதினாய் என்று கேட்டேன். “எழுதியாச்சுங்க. கடைசிக்கு நேரம் பத்தலை” என்றாள். கேள்வித்தாளை என் கையில் கொடுத்துவிட்டுக் காரில் ஏறியவுடன் கண்ணை மூடிக்கொண்டாள். கடைக்காரரும் வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் வந்தார். களைப்பு என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து தாளைப் பார்த்தேன். நான் எதிர்பார்த்த கேள்வி இருந்தது. பெரிய மதிப்பெண்ணுக்கான கேள்வி, ‘அல்லது’ போட்டு இரண்டில் ஒன்றுக்கு விடை எழுதச் சொல்லியிருந்தார்கள். சவ்வூடு பரவலையும் டயாலிசிஸையும் வேறுபடுத்தி விளக்குக. அல்லது வளிமண்டல அழுத்தத்துக்கும் நீரின் கொதிநிலைக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டுடன் விளக்குக. தாளை மடித்து வைத்தேன். அன்று எனக்குக் கவலை இல்லை.

காப்பிப் பழம் பறிக்கத் தொடங்கியிருந்த பருவத்தில், ஒரு வியாழக்கிழமை, இயந்திரத்தோடு இணைக்கப்பட்டிருந்தபோதே அவளுடைய இதயம் நின்றுவிட்டது. பொட்டாசியம் கூடியிருந்ததாக மருத்துவர் சொன்னார். அதையும் என்னிடம்தான் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் கடைக்காரர் அசைய முடியாமல் ஊசிகளோடு படுத்திருந்தார். இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத என்னால் இயலாது.

தேர்வு முடிவு அதற்குப் பிறகு வந்தது. தேர்ச்சி பெறவில்லை என்று இருந்தது. தேறுவதற்குத் தேவையானதைவிடச் சில மதிப்பெண்களே குறைவு. நான் அதை ஏற்கவில்லை. அந்தக் கேள்வி இருந்த தாளில் அவள் தோற்றிருக்க வழியில்லை. திருத்தியவர் கவனமின்றித் திருத்தியிருக்கிறார் என்று முடிவு செய்தேன். அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். மறுமதிப்பீட்டுக்கு அந்த வெள்ளிக்கிழமை வரை விண்ணப்பிக்கலாம் என்றார்கள். தேர்வு எழுதியவர் இறந்துவிட்டார் என்று சொன்னேன். தொலைபேசியில் இருந்தவர் யாரிடமோ கேட்டுவிட்டு, தேர்வர் உயிரோடு இருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை என்றார். அந்த வாரம் முழுவதும் நான் வேறெதையும் நினைக்கவில்லை. அவளுக்கு நான் செய்யக்கூடியதாக அது ஒன்றுதான் மீதியிருந்தது. தேர்ச்சி என்ற ஒரு சொல்லை அவள் பெயருக்கு நேரே எழுத வைத்துவிட வேண்டும்.

விண்ணப்பத்தை அனுப்புமுன், எந்தெந்தக் கேள்விக்கு விடை எழுதினார்கள் என்று உறுதிசெய்துகொள்ளக் கடைக்காரரைப் பார்க்கப் போனேன். டயாலிசிஸ் இல்லாத நாள். கடையில் மிளகைப் புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எனக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். கேள்வித்தாளை மேசைமேல் விரித்தேன்.

“இந்த அல்லது கேள்விக்கு டயாலிசிஸ் பற்றி முழுமையாக எழுதினீர்கள் அல்லவா?”

அவர் தாளைப் பார்க்கவில்லை.

“இல்லீங்க சார். அது எழுதலை.”

“அவளுக்கு அது நன்றாகத் தெரியுமே.”

“எனக்கே தெரியுமுங்க. நான் மொதல்ல அதைத்தான் எழுதப் பேனாவ வெச்சேன். அக்கா வேண்டான்னுட்டாங்க. ‘அதத்தான் வாரத்துல மூணு நாள் பண்றோம் தம்பி, இன்னிக்கு ஒரு நாளாச்சும் வேற எழுதலாம்’னாங்க. நான் ரெண்டு தடவை சொல்லிப் பாத்தனுங்க. வாத்தியார் வந்து, பேசக் கூடாதுன்னு சத்தம் போட்டுட்டாரு.”

தாளில் ‘அல்லது’வுக்குக் கீழே இருந்த கேள்வியைப் பார்த்தேன். அவர் தொடர்ந்தார்.

“கீழ இருக்கறதை எழுதச் சொன்னாங்க. கொதிநிலை. நல்லாத்தான் சொன்னாங்க சார். ஆனா நொம்ப நீளமாப் போயிருச்சு. அதுலயே நேரம் போயி, கடைசிக் கணக்கு ரெண்டும் தொடலீங்க.”

“என்ன சொன்னாள்?”

“எடுத்துக்காட்டுங்க.” அவர் மிளகைக் கையால் பரப்பிக்கொண்டே, ஒப்பிப்பவர் போலச் சொன்னார். “நாங்கள் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் குடிவந்த முதல் வாரத்தில் குக்கர் வைத்த பெட்டி கிடைக்கவில்லை. திறந்த பாத்திரத்தில் கொண்டைக்கடலையை வேகவைத்தேன். நீர் நன்றாகக் கொதித்தது. சேலத்தைவிட அதிக நேரம் வைத்தும் கடலை வேகவில்லை. மலைமேல் காற்றின் அழுத்தம் குறைவு. ஆகவே நீர் நூறு பாகைக்கு முன்பே கொதித்துவிடுகிறது. கொதிப்பது கண்ணுக்குத் தெரியும். ஆனால் சூடு போதாது.” இங்கே நிறுத்தினார். “அப்புறம் இன்னொண்ணு சொன்னாங்க. அது எழுதணுமான்னு கேட்டேன். எழுதுன்னாங்க.”

“சொல்லுங்கள்.”

“என் கணவர் அந்தக் கடலையை ஒன்றும் சொல்லாமல் முழுவதும் சாப்பிட்டார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பேன். இந்த ஆண்டுதான் தெரிந்தது.” அவர் என் முகத்தைப் பார்க்காமல் முறத்தை எடுத்துக்கொண்டார். “சிரிச்சிட்டேதான் சார் சொன்னாங்க. கோவமா இல்லீங்க.”

அந்தக் கடலை எனக்கு நினைவிருந்தது. கல்லைப் போல இருந்தது. புது வீட்டில் முதல் வாரம்; அவள் மனம் சோர்ந்துவிடக் கூடாது என்று நினைத்துத்தான் சாப்பிட்டேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

மறுமதிப்பீடு என்றால் அந்த விடைத்தாளை முன்பின் அறியாத இன்னொருவர் எடுத்துப் படிப்பார். காற்றழுத்தம் வரையில் மதிப்பெண் போடுவார். அதற்குக் கீழே உள்ள வரிகளின் ஓரத்தில், பாடத்துக்குத் தொடர்பற்றது என்று சிவப்பு மையில் ஒரு கோடு இழுப்பார். அதில் பிழையில்லை, திருத்தும் மேசையில் இருந்தவரை நானும் அப்படித்தான் இழுத்திருப்பேன். முதலில் திருத்தியவரும் அதைத்தான் செய்திருப்பார். அவர்மேல் அந்த வாரம் முழுவதும் நான் கொண்டிருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கடந்துவிட்டது. விண்ணப்பத்தை நான் அனுப்பவில்லை. அவள் தேர்ச்சி பெறவில்லை என்பதே பதிவில் இருக்கும்.