ஸ்டெல்லா எடுத்து வைத்த பழைய கோப்பு

அந்தக் கோப்பை அழித்தவள் நான். ஸ்டெல்லா அல்ல!

நான்கு வருடங்களாக இதை யாரிடமும் சொல்லவில்லை. பெற்ற மகனிடம்கூட. முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான்... மெதுவாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிவகாசிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சிறிய அச்சகம். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடித்து, வெட்டிக் கொடுப்போம். வீட்டுக்காரர் போன பிறகு நான்தான் முதலாளி. கம்ப்யூட்டர் வேலை முழுவதும் ஸ்டெல்லா. ஆனைக்குட்டத்துப் பெண், ஒரு டீச்சரம்மாவின் மகள். அதில் விண்டோஸுக்குப் பதிலாகக் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸைப் போட்டதும் அவள்தான். எந்தத் தாளுக்கு எவ்வளவு மை, வெட்டுக்கத்தி எந்தக் கோட்டில் இறங்க வேண்டும் என்று மூன்று சீசன் அடித்து அடித்துப் பார்த்து, அத்தனையையும் ஒரு கோப்பில் குறித்து வைத்திருந்தாள். அச்சடிக்கும் மென்பொருள் அதைப் பார்த்துத்தான் வேலை செய்யும்.

எனக்கு ஆங்கிலம் தெரியாது. அதை நான் ஒருவரிடமும் ஒப்புக்கொண்டதில்லை! வருகிற காகிதத்தை வாங்கி, படித்ததுபோல் தலையாட்டி, மேசையில் வைப்பேன். ஸ்டெல்லா கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. பேச்சுவாக்கில் வந்ததுபோல் ஒன்றிரண்டு சொற்களை எனக்கு அடையாளம் காட்டினாள். 'ஓல்டு' என்றால் பழையது. திரையில் அந்த மூன்று எழுத்தைப் பார்த்தால் உள்ளுக்குள் எனக்கு ஒரு கர்வம்...

அந்த வருடம் தீபாவளி சீசன் உச்சத்தில், கம்பி மத்தாப்புக் கம்பெனி அனுப்பிய புது டிசைன் எங்கள் பழைய மென்பொருளில் திறக்கவில்லை. ஆயுத பூசைக்கு முந்தின நாள் ஸ்டெல்லா அதைப் புதுப்பித்தாள். சாயங்காலம் கைப்பையை மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, நம்ம பழைய செட்டிங் பைலு புதுசுக்கு அப்படியே ஒத்துக்கிடல. பேருக்குப் பின்னாடி ஓல்டுன்னு போட்டு ஓரமா வச்சிருக்கேன். லீவு முடிஞ்சு வந்து, அதப் பாத்து ஒவ்வொரு வரியாப் புதுசுல ஏத்திருவேன். அதுவரைக்கும் அத..."

"எனக்கே பாடம் எடுக்கியாக்கும்? கெளம்பு தாயி, இருட்டுது."

அவள் முடிக்கவில்லை. முடிக்க நான் விடவில்லை!

மறுநாள் பூசை. வெட்டு மிஷின், அச்சு மிஷின் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் வைத்தோம். கந்தல் துணி, காய்ந்த மை டப்பா எல்லாம் வெளியே போயின. கம்ப்யூட்டரையும் துடைத்தேன். திரை விழித்துக்கொண்டது. அங்கே அந்தச் சொல்... ஓல்டு! நல்ல நாளில் பழசு எதற்கு என்று தோன்றியது. ஸ்டெல்லா செய்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதேபோல் குப்பைத் தொட்டிக்கு இழுத்தேன். தொட்டியையும் காலி செய்தேன். யார் உதவியும் இல்லாமல் நானே செய்துவிட்டேன் என்று பூரித்துப்போனேன். பூரித்துப்போனேன், கேட்டுக்கொள்ளுங்கள்!

ஸ்டெல்லா வந்து தேடினாள். பென் டிரைவில் ஒரு நகல் இருந்தது. அது இடையில் வாங்கிய புது வெட்டு மிஷின் வருவதற்கு முந்தியது, உதவவில்லை. நாள் கணக்காய் அடித்துப் பார்த்தும் அளவு பிடிபடவில்லை. மத்தாப்பு லேபிளில் இருக்கும் எச்சரிக்கை வரி பாதியில் வெட்டுப்பட்டு விழுந்தது. அடித்த தாளெல்லாம் வீண். ஆர்டர் வேறு அச்சகத்துக்குப் போய்விட்டது.

என் மகன் குதித்தான். "சீசன்ல எவளாச்சும் அப்டேட் போடுவாளா? எடுத்து வச்சேன்னா பைலு எங்க? ராக்கெட்டு கணக்கா பறந்துருச்சோ?"

"வச்சிட்டுத்தான் போனேன் அண்ணாச்சி." என் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீங்க எதும் பாத்தீகளா?"

"எனக்கென்ன இங்கிலீசா தெரியும்? நான் அதப் போயித் தொடுவனா?"

வாழ்நாளெல்லாம் மறைத்த குறை! அன்றைக்கு அதையே எடுத்து முன்னால் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தேன். கோப்பைத் தெரியாமல் அழித்தேன். இதைத் தெரிந்தே செய்தேன். முதலாளியம்மா என்ற பெயர் அவ்வளவு பெரிதா எனக்கு?

தான் கற்றுத் தந்த சொல் அப்போது அவளுக்கு நினைவு வந்ததா? இன்றுவரை எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். "நானேதான் அவசரத்துல அழிச்சிட்டேனோ என்னமோ..." என்றாள். மகன் அவளை அன்றைக்கே நிறுத்திவிட்டான். முதலாளி நான், தடுக்கவில்லை.

போன மாதம், சொல்லியே தீர வேண்டும் என்று ஆனைக்குட்டம் போனேன். வீட்டில் உட்கார்ந்து அட்டைப்பெட்டி ஒட்டுகிறாள்.

"கம்ப்யூட்டரு பக்கமே போறதில்லம்மா. என் கை என்ன செய்யுதுன்னு எனக்கே நம்பிக்கை வர மாட்டேங்கு," என்று சிரித்தாள். காபி கொடுத்தாள். சொல்ல வந்தது வாய்வரை வந்தது... காபியோடு இறங்கிவிட்டது.

வழியனுப்ப வந்தவள் கதவைப் பூட்டினாள். நாலு எட்டு வைத்ததும் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தாள். தெருமுனை வந்ததும் மறுபடி நின்றுவிட்டாள்.

"பூட்டித்தான் இருக்கு தாயி. நான் பாத்தேன்."

"நீங்க சொன்னாச் சரிதாம்மா," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பஸ் வரும்வரை அந்தக் கை என் கையிலேயே இருந்தது. நான் சொல்லவில்லை.