லாரியின் முன்சீட்டில் எங்கள் அக்கா

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு ஆகிறது. நினைவு மலரில் அக்காவைப் பற்றி யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது அத்தான் என்னைக் காட்டினார். "நல்லதா நாலு வார்த்த எழுதும்மா" என்றார். நல்லது நிறைய இருக்கிறது. ஆனால் அக்காவை நினைத்ததும் எனக்கு முதலில் வருவது வயிற்றெரிச்சல்தான். பாவாடை கட்டிய வயதிலிருந்து இருந்தது, ஓராண்டில் போய்விடுமா? அதையும் சேர்த்தே எழுதுகிறேன். உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். உயிரோடு இருந்தவரை 'வா, போ' என்று நான் பேசிய அக்காவை இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். நான் விட்டுக்கொடுப்பது அந்த அளவுக்குத்தான்.

அக்கா பிறந்தது கெடா மாநிலத்தில், ஜெராய் மலை தெரியும் இரட்டைப் பாலத் தோட்டத்தில். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும் உண்டு, அதைத் தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி மட்டும்தான் சொல்வார். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தார்கள். பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர்தான். அக்கா ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவோடு மரம் வெட்டப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் நான் இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை படித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் என்ன எழுதினாலும் இது குறையாது.

எங்கள் தோட்டத்துக்கு ஒரு காற்பந்துக் குழு இருந்தது. மஞ்சள் சட்டை. தோட்டத்துத் திடல் ஒரு பக்கம் சரிந்து கிடந்ததால் அங்கே போட்டி வைக்க வேறு தோட்டத்தார் சம்மதிக்க மாட்டார்கள். பயிற்சிதான் அதில் நடக்கும். போட்டி என்றால் ஞாயிறு மதியம் லாரியில் ஏறி வெளியே போக வேண்டும். ஐஸ், தண்ணீர், பாதி ஆட்டத்தில் கொடுக்கும் ஆரஞ்சுப் பழம் எல்லாம் அப்பாவின் பொறுப்பு. சட்டைகளைத் துவைப்பது எங்கள் வீட்டின் பொறுப்பு. அதாவது என் பொறுப்பு. அநியாயம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

அக்காவுக்கு ஒருநாள் பல்வலி. போட்டி நடக்கிற தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் நன்றாகப் பல் பிடுங்குவார் என்று அப்பா அக்காவையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். அதுவரை எல்லாரிடமும் தோற்றுக்கொண்டிருந்த எங்கள் குழு அன்றைக்கு ஜெயித்துவிட்டது. வீங்கிய கன்னத்தோடு வந்து இறங்கிய அக்காவைப் பார்த்து, குழுத் தலைவர் சன்னாசி அண்ணன் எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று அப்பாவிடம் சத்தமாகச் சொன்னார்: "ராசிக்காரப் பிள்ளண்ணே. இனிமே இது இல்லாம லாரி கெளம்பாது."

அவர் சொன்னபடியேதான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் லாரி எங்கள் வீட்டு முன்னால் வந்து ஹாரன் அடிக்கும். ஆட்டக்காரர்கள் எல்லாம் பின்னால் நின்றுகொண்டு வருவார்கள். முன்சீட்டில் டிரைவரும் அப்பாவும், நடுவில் எங்கள் அக்கா. சடையில் மஞ்சள் ரிப்பன். நானும் வருகிறேன் என்று அழுதால் அம்மா ஒரே வார்த்தையில் அடக்கிவிடுவார். "ரெண்டு பொட்டப் பிள்ளயும் லாரியில போனா தோட்டமே சிரிக்கும்." ஒரு பிள்ளை போனால் தோட்டம் சிரிக்காதா என்று நான் கேட்டதற்குக் கிடைத்தது கரண்டி அடி.

ஒரே ஒரு முறை எனக்கு வாய்ப்பு வந்தது. அக்காவுக்கு அம்மை போட்டிருந்தது. கூடப் பிறந்தவள்தானே, இவளுக்கும் ராசி இருக்கும் என்று அப்பா என்னைக் கூட்டிப் போனார். முன்சீட்டில் உட்கார்ந்தேன். லாரி நின்றதும் குதித்து இறங்கி, கோட்டின் ஓரத்தில் நின்று ஆட்டம் முழுவதையும் கண் கொட்டாமல் பார்த்தேன். நான்கு கோல் வாங்கினோம். பதிலுக்கு ஒன்றுகூட அடிக்கவில்லை. திரும்பி வந்து சன்னாசி அண்ணன் எங்களை வாசலில் இறக்கிவிட்டு, "பெரியவ ஒடம்பு தேறுனதும் சொல்லுங்கண்ணே" என்றார். சின்னவளைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேச்செடுக்கவே இல்லை.

தோற்றது குழு, பழி எனக்கு. இன்றைக்கும் சொல்கிறேன், அன்று கோல் காத்த கோலி வழுக்கி விழுந்ததற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஆனாலும் என்னைவிட அந்தக் குழுவின் மேல் பைத்தியமாக இருந்தவர் யாரும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு சாயங்காலம் சேறு படிந்த சட்டைகளைத் தகரத் தொட்டியில் ஊறப் போட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். அக்கா முகம் கழுவிக்கொண்டு வந்து ஆட்டத்தைச் சொல்வார். சும்மா ஜெயித்தோம் தோற்றோம் என்று அல்ல. பந்து யார் காலிலிருந்து யார் காலுக்குப் போனது, யார் தள்ளிவிட்டான், யார் தலையால் முட்டினான் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். நான் சட்டையைத் தேய்த்துக்கொண்டே கேட்பேன். கேட்கக் கேட்க எரியும். இவ்வளவையும் அவர் கண்ணால் பார்த்தாரே, நான் சோப்பு நுரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேனே என்று எரியும்.

ஒருமுறை ஜோசப் அண்ணன் தரையோடு சறுக்கிக்கொண்டு போய் கோல் அடித்ததாக அக்கா சொன்னார். நான் தொட்டியிலிருந்து ஜோசப் அண்ணனின் ஒன்பதாம் நம்பர் சட்டையை எடுத்துக் காட்டினேன். அதில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

"சறுக்குனாருன்னு சொன்ன?"

"சறுக்குற மாதிரி போயி அடிச்சாரு லா. நீ பாத்தியா, நான் பாத்தேனா? தொவைக்கிற வேலயப் பாரு."

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு அந்தச் சட்டையை இரண்டு முறை அடித்துத் துவைத்தேன்.

அக்காவுக்கு யான் என்ற ஊரில் மாப்பிள்ளை அமைந்தது. அத்தான் அங்கே நெல் ஆலையில் வேலை செய்தார். கல்யாணத்தன்று எல்லாரும் அழுதார்கள், நானும் அழுதேன். உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தது. இனி முன்சீட் காலி. அடுத்த ஞாயிறு நல்ல பாவாடை கட்டிக்கொண்டு, தலை வாரி, வாசலில் நின்றேன். லாரி வந்தது, அப்பா ஐஸ் பெட்டியை ஏற்றினார், லாரி போய்விட்டது. யான் வழியாகச் சுற்றிப் போய் அக்காவை ஏற்றிக்கொண்டு போகிறார்களாம். அத்தானும் சரி என்றாராம். அத்தான் கோபித்துக்கொள்ளக் கூடாது, அவரை நான் வெகுநாள் மன்னிக்கவில்லை.

அதற்கப்புறம் காலம் மாறிவிட்டது. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக சுங்கை பட்டாணிக்கும் பினாங்குக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். நானும் போனேன். குழு கலைந்தது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துக் காலமானார்கள். அந்த நாட்களில் அக்காதான் எனக்குத் தாயாக நின்றார். யானில் வீட்டுக்கு வந்தவர் யாரையும் அவர் சாப்பிடாமல் அனுப்பியதில்லை. ஆலையில் வேலை செய்த மலாய்ப் பெண்கள் பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டுத்தான் அறுப்புக்குப் போவார்கள். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னபோதுகூட, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டைக்கு இஸ்திரி போட்டுவிட்டுத்தான் அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

நான் விடுப்புப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் இருந்தேன். ஒருநாள் பிற்பகல் சன்னாசி அண்ணன் ஒரு பை ஆரஞ்சோடு பார்க்க வந்தார். தலை நரைத்திருந்தது. "ஒன் அக்கா மாதிரி ராசிக்காரி கெடாவுலயே இல்லம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். நோயாளியிடம் பேசுகிற பேச்சா என்று நீங்கள் கேட்கலாம், என்னால் அடக்க முடியவில்லை.

"முன்சீட்டுல ராணி மாதிரி உக்காந்துகிட்டு அத்தன ஆட்டத்தயும் நீயே பாத்துட்ட. எனக்குக் குடுத்து வச்சது ஒன்னே ஒன்னு. அதுலயும் நாலு கோலு."

அக்கா சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்.

"நான் ஒரு ஆட்டங்கூடப் பாத்ததில்ல பாப்பா."

பல்வலியோடு போன அந்த முதல் நாளில், லாரியை ரப்பர் காட்டைப் பார்த்தபடி நிறுத்தியிருந்தார்களாம். அக்கா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, திடலுக்கு முதுகைக் காட்டியபடி முன்சீட்டிலேயே இருந்தாராம். அன்று ஜெயித்ததால் அடுத்த ஆட்டத்துக்கும் லாரியை அப்படியே நிறுத்தி, அக்காவை அப்படியே உட்கார வைத்தார்கள். ஒருமுறை ஆசை தாங்காமல் பக்கக் கண்ணாடியில் எட்டிப் பார்த்திருக்கிறார். அந்த நிமிடம் பார்த்து எங்கள் வலையில் ஒரு கோல் விழுந்ததாம். அதற்குப் பிறகு டிரைவர் கண்ணாடியையும் மடக்கிவிட்டார். வெளியே சொன்னால் ராசி போய்விடும் என்று அப்பா உட்பட எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டார்கள்.

"திரும்பியிருக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"ஜெயிக்கணும்ல?" என்றார் அக்கா.

"அப்ப என்கிட்ட சொன்னதெல்லாம்?"

"வர்ற வழியில லாரிய நிறுத்தி, எல்லாரும் கடையில தண்ணி குடிப்பாங்க. நான் ஒவ்வொருத்தரயா புடிச்சி கேப்பேன், யாரு யாருக்குக் குடுத்தா, எந்தக் காலால அடிச்சான்னு. வீட்டுல நீ கேப்பியே. ஜோசப் அண்ணந்தான் கொஞ்சம் அளந்து விடுவாரு. நீ சட்டையப் பாத்துக் கண்டுபுடிச்சிட்ட."

அக்கா என் கையைப் பிடித்தார். "அம்ம போட்டுப் படுத்திருந்தேன் பாரு, அன்னிக்கு ஒன் மேல எவ்ளோ பொறாம தெரியுமா? நாலு கோல் வாங்குனா என்ன, கண்ணால பாத்துட்டு வந்தியே. அப்புறம் ஒரு வார்த்த சொன்னியா என்கிட்ட? இப்பச் சொல்லு."

தோற்ற ஆட்டத்தை யார் கேட்பார்கள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்று சொன்னேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் வேகமாகப் போனால் நிறுத்தி, "யாரு காலுலேருந்து வந்துச்சு?" என்று கேட்பார். மூன்று கோல் சொல்லி முடிப்பதற்குள் பார்வையாளர் நேரம் முடிந்து தாதி வந்துவிட்டார். "நாலாவத நாளைக்கி" என்றேன். மறுநாள் விடியலில் அக்கா போய்விட்டார்.

இனி நன்றி சொல்ல வேண்டும். அக்காவை இரவும் பகலும் கவனித்த தாதிகளுக்கும், ரத்தம் கொடுத்த நெல் ஆலை நண்பர்களுக்கும், வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்ட யான் அக்கம்பக்கத்தாருக்கும், அக்காவின் ஆசைப்படி அவரைத் தோட்டத்துக்கே கொண்டுவர லாரி கொடுத்தவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசியாகச் சன்னாசி அண்ணனுக்கு. இறுதிச் சடங்கன்று பழைய ஆட்டக்காரர்கள் எங்கெங்கிருந்தோ மஞ்சள் சட்டையில் வந்திருந்தார்கள். பலருக்கு வயிற்றில் பொத்தான் மாட்டவில்லை. அத்தனை பேரும் அக்காவைச் சுற்றித்தான் நின்றார்கள், பொறாமைப்பட்டுக்கொண்டேதான் நானும் அழுதேன். இறுதி ஊர்வலத்தில் பெண்கள் திடல் வரைதான் போவது எங்கள் தோட்டத்து வழக்கம். அக்காவை ஏற்றிய லாரி அங்கே நின்றது. சரிவில் தோட்டத்துப் பையன்கள் பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். சன்னாசி அண்ணன் டிரைவரிடம் போய், "வண்டியத் திருப்புப்பா. பிள்ளயோட மொகம் பாடாங் பக்கம், பசங்க ஆடுற பக்கம் இருக்கட்டும்" என்றார். லாரி முன்னும் பின்னும் போய்த் திரும்பி நின்றது. ஜோசப் அண்ணன் எனக்குக் கைகொடுத்து மேலே ஏற்றிவிட்டார்.

நான் அக்காவின் காதருகே குனிந்து நான்காவது கோலைச் சொன்னேன். யார் யாருக்குக் கொடுத்தான் என்பதையும் விடாமல் சொன்னேன்.