பதினோராயிரம் பெயர்கள், நாலாயிரம் வால்வுகள்

என் அக்காவை வேலை பார்த்த இடங்களில் எல்லாம் ‘பட்டியல்’ என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் கிண்டலாக வைத்த பெயர். பிறகு அதுவே மரியாதையாகிவிட்டது. ‘பட்டியலைக் கேட்டீங்களா?’ என்று கேட்காமல் பெரிய அதிகாரிகள்கூடக் கையெழுத்துப் போடுவதில்லை. நான் தையல்காரன். அக்காவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாடிக்கையாளர்கள் அளவு கொடுக்க வந்ததையே மறந்துவிடுவார்கள் என்று என் மனைவி சொல்வாள். அதில் பொய்யில்லை.

அக்கா பத்தொன்பது வயதில் ஆஸ்பத்திரிப் பதிவேட்டு அறையில் சேர்ந்தாள். தரையிலிருந்து கூரை வரைக்கும் இரும்பு அலமாரி, அதில் நோயாளிகளின் அட்டைகள். ஏணியில் ஏறி இறங்கியே செருப்பு தேய்ந்தது. கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். அக்கா மட்டும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஆறே மாதத்தில், அதைக் கொண்டுவந்து வைத்தவர்களே சந்தேகம் என்றால் அவளிடம் வந்து நின்றார்கள்.

பல வருஷம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் புதிய மென்பொருள் வந்தது. பழைய பதிவுகளை அதில் ஏற்றியபோது, ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகியிருப்பதாகப் பதினோராயிரம் ஜோடிகளைக் காட்டியது. கண்காணிப்பாளருக்கு ஒரே சந்தோஷம்.

“ஒரு பட்டனை அழுத்தினா எல்லாம் ஒண்ணாயிடும். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுடுங்கம்மா” என்றார்.

“கண்ணால பாக்காம நான் சேக்க மாட்டேன் சார்.”

“பேரு, பிறந்த தேதி, விலாசம், எல்லாமே ஒத்துப்போகுதே. இன்னும் என்ன பாக்கணும்?”

அக்கா வாதாடவில்லை. பட்டியலில் கண்ணில் பட்ட ஒரு ஜோடியை எடுத்தாள். பெயரில் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். தட்டச்சுப் பிழை என்று யாரும் சொல்லிவிடுவார்கள். தேதி ஒன்று, விலாசம் ஒன்று. அவர் முன்னாலேயே அந்த வீட்டுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கியில் வைத்தாள்.

“உங்களுக்கு யார் வேணும்? நானா, தங்கச்சியா?” என்றது ஒரு பெண் குரல்.

“நீங்க ரெண்டு பேரா?”

“பொறந்ததுலேருந்தே ரெண்டு பேர்தாங்க. இரட்டைப் பிள்ளைங்க.”

தங்கைக்குப் பென்சிலின் ஆகாது. அது அவள் அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. இரட்டையரில் மூத்தவளின் அட்டைதான் கடைசியாகப் பதிவானது. பட்டனை அழுத்தியிருந்தால் புதியது நிற்கும், பழையது அழியும், அதோடு சிவப்பு மையும் போயிருக்கும். கண்காணிப்பாளர் அந்தச் சிவப்பு மை அட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு, “எத்தனை நாள் வேணும்?” என்று மட்டும் கேட்டார்.

அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் ஐந்து வாரம் உட்கார்ந்து பதினோராயிரத்தையும் பார்த்தார்கள். அதில் நாற்பத்தாறு ஜோடிகள் உண்மையிலேயே வேறு வேறு ஆட்கள். அந்தத் தொண்ணூற்றிரண்டு பேருக்கும் தங்களுக்கு நடக்கவிருந்தது தெரியாது. இன்றுவரைக்கும் தெரியாது.

பிறகு பதிவேட்டு வேலையை வெளியாருக்குக் கொடுத்துவிட்டார்கள். அறையே மூடப்பட்டது. நாற்பத்து நாலு வயதில் அக்காவைக் குடிநீர் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். “நோயாளியைப் பாத்தவ, இனிமே குழாயைப் பாக்கணுமாம்” என்று மாமா வருத்தப்பட்டார். “ரெண்டுமே அடைச்சுக்கும், ஒழுகும். பெரிய வித்தியாசம் இல்ல” என்றாள் அக்கா, தன் கணவரைச் சமாதானப்படுத்த.

அங்கே ஊர் முழுக்கப் பூமிக்கடியில் நாலாயிரம் வால்வுகள். எது எங்கே இருக்கிறது என்பது வால்வுக்காரர் ஒருவருக்குத்தான் தெரியும். அவருக்கும் அக்கா வயதுதான். வாய் ஜாஸ்தி.

“எல்லாம் இங்க இருக்கு மேடம்” என்று மண்டையைத் தட்டிக் காட்டினார். “மெஷினுக்கு எதுக்கு?”

“நீங்க லீவு போட்டா?”

“நான் லீவே போட மாட்டேன்.”

அக்கா மறுநாள் தொப்பியும் கான்வாஸ் ஷூவும் போட்டுக்கொண்டு அவரோடு தெருவில் இறங்கிவிட்டாள். அவர் இரும்பு மூடியைத் தூக்குவார், அவள் கையடக்கக் கணினியில் பதிவு செய்வாள். சரியாக எங்கே இருக்கிறது, எப்போது வைத்தது, எத்தனை சுற்றில் மூடும், கடைசியாக யார் திருப்பியது, ஏதாவது கோளாறு உண்டா? “இதென்ன மேடம், வால்வுக்கு நாடி பிடிச்சுப் பாக்கறீங்க” என்று அவர் சிரித்தார்.

மூன்றாவது வாரம் ஒரு மூடிக்கடியில் அவர் வால்வு மூடும் நீளச் சாவியை இடப்பக்கமாகத் திருப்புவதைப் பார்த்தாள்.

“எல்லாம் வலப்பக்கம்தானே மூடும்?”

“இது பழைய கம்பெனி. இடப்பக்கம். தெரியாம வலப்பக்கம் முறுக்கினா தண்டு ஒடைஞ்சுடும். பாக்கறதுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.”

ஒரே மாதிரி இருக்கும் இரண்டு என்றதும் அக்கா அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கே படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்ந்தது: ‘மூடும் பக்கம்’. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று: ‘தகவல் சொன்னவர்’. ஏற்கெனவே பார்த்த வால்வுகளை எல்லாம் மறுபடியும் போய்ப் பார்த்தார்கள். வால்வுக்காரர் முணுமுணுத்தார். ஆனாலும் வந்தார். எல்லாம் முடியப் பதினான்கு மாதம் ஆனது. அக்காவின் முகம் வெயிலில் கறுத்துப்போனது; என் கடைக்கு வந்தவர்கள் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள்.

அடுத்த வருஷம் ஒரு நாள் காலை பத்தரை மணிக்குக் கடைத்தெருவில் பெரிய குழாய் வெடித்தது. தண்ணீர் ஓர் ஆள் உயரத்துக்குப் பீறிட்டது. சரிவில் பிரசவ ஆஸ்பத்திரி, அதன் அடித்தளத்தில் மின்சார அறை. வால்வுக்காரரோ பல் டாக்டர் நாற்காலியில், வாய் மரத்துக் கிடந்தார். போனை எடுத்தாலும் ‘ஊ, ஊ’ என்ற சத்தம்தான் வந்தது.

தெருவில் இருந்தது வேலைக்கு வந்து ஒரு வாரமே ஆன குழு. அக்கா அலுவலகத்தில் திரையைப் பார்த்துக்கொண்டே போனில் சொன்னாள்.

“தபால் ஆபீஸ் வாசல்ல விளக்குக் கம்பம் இருக்கா? அதுலேருந்து நாலு அடி கிழக்கே, கல்லை நகத்துங்க. மூடி தெரியுதா?”

“தெரியுது மேடம்.”

“இடப்பக்கம் திருப்புங்க. வலப்பக்கம் தொடவே கூடாது. இருபத்திரண்டு சுத்து. எண்ணிக்கிட்டே சுத்துங்க.”

போனில் அவர்கள் எண்ணுவது கேட்டது. அலுவலகத்தில் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். இருபத்திரண்டு என்றதும் இரைச்சல் நின்றது. தண்ணீர் ஆஸ்பத்திரிப் படியை நனைத்ததோடு சரி. பத்தொன்பது நிமிஷம் ஆகியிருந்தது.

மத்தியானம் வால்வுக்காரர் வீங்கின கன்னத்தோடு ஓடி வந்தார். “யாரு மூதினது?” என்று குழறினார்.

“நீங்கதான்” என்றாள் அக்கா. திரையை அவர் பக்கம் திருப்பினாள். அந்த வால்வுக்கு எதிரே, ‘தகவல் சொன்னவர்’ கட்டத்தில் அவர் பெயர் இருந்தது. அடுத்ததிலும், அதற்கடுத்ததிலும். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் திரையை மேலும் கீழும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டேதான்.

செய்தி பரவியது. தீயணைப்பு நிலையம் கூப்பிட்டது, விதைக் கிடங்கு கூப்பிட்டது, நீதிமன்றப் பதிவறை கூப்பிட்டது. சனிக்கிழமைகளில் அக்கா போய்ச் சொல்லிக்கொடுத்தாள். என் கடை அளவு நோட்டைக்கூட விடவில்லை. அதைக் கணினியில் ஏற்றிப் பார்த்ததில், பத்து வருஷத்தில் இடுப்பு குறைந்த வாடிக்கையாளர் ஒரே ஒருவர்தான் என்று தெரிந்தது. அவரும் டேப்பை நான் தப்பாகப் பிடித்ததாகச் சொல்கிறார்.

போன மாதம் ஒரு பயிற்சிக்கு என்னையும் கூட்டிப்போனாள். பல துறைகளிலிருந்து எண்பது பேர். எந்த மென்பொருள் நல்லது என்று ஒருவர் கேட்டார்.

“மெஷினை அப்புறம் வாங்கலாம். அந்த வேலையைக் கையால செய்யறவங்களோட முதல்ல ஒரு மாசம் நடங்க” என்றாள். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நான் பின்வரிசையில் இருந்தேன். பக்கத்திலிருந்தவரிடம், “என் அக்கா” என்றேன். கேட்காமலே சொன்னேன்.

வெளியே வந்தபோது கால்நடை ஆஸ்பத்திரி அம்மா ஒருவர் ஓடி வந்தார். “மேடம், எங்ககிட்ட ‘வெள்ளை’ன்னு இருநூறு மாடு பதிவாயிருக்கு. என்ன செய்யறதுன்னே தெரியல.”

அக்கா வாசற்படியில் உட்கார்ந்து பையைத் திறந்தாள். “காதுல அடையாள வில்லை இருக்கா? இல்லையா? சரி, முதல் வெள்ளைலேருந்து சொல்லுங்க.”

எங்கள் பஸ் வந்தது. நான் டிரைவரைப் பார்த்து, நீங்கள் போகலாம் என்று கையைக் காட்டினேன்.