பயணத்தன்று போட்ட ஓட்டு

எனக்கு நாற்பத்தாறு வயது. போன தேர்தல் வரைக்கும் ஒரு ஓட்டுக்கூடப் போட்டதில்லை. சொன்னால் சோம்பேறி என்று நினைத்துக்கொள்கிறார்கள். பத்தொன்பது வயதில் வளைகுடாவுக்குப் பிழைக்கப் போனவன் நான். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு மாத லீவு. நான் ஊரில் இருக்கிற நேரம் பார்த்துத் தேர்தல் வைக்க வேண்டும் என்று யாருக்குத் தலையெழுத்து?

அங்கே என் அறையில் ஒரு பிலிப்பைன்ஸ்காரர் இருந்தார். அவர் நாட்டில் தேர்தல் வந்தால், லீவு நாளில் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு அவர்கள் தூதரகத்துக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார். கொஞ்ச காலம் ஆஸ்திரேலியாவில் இருந்த என்ஜினியர் ஒருவர், அங்கே ஓட்டுப் போடாவிட்டால் அபராதம் என்றார். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். அபராதம் போட்டாவது என் ஓட்டைக் கேட்க ஆள் இல்லையே! நம் சட்டப்படி வெளிநாட்டில் இருக்கிறவன் நேரில் வந்துதான் போட வேண்டும்.

என் மனைவி ஒரு தேர்தலையும் விட்டதில்லை. நிறைமாதத்தில்கூட ஆட்டோ பிடித்துப் போய்ப் போட்டுவிட்டு வந்தவள். வெளிநாடு வாழ் வாக்காளர் பட்டியலில் என் பேரைச் சேர்க்க ஃபாரம் நிரப்பியதும் அவள்தான்.

போன தடவை ஒருவழியாக லீவும் தேர்தலும் ஒன்றாக வந்தன. ஆனால் கூத்தைப் பாருங்கள், நான் திரும்பிப் பறக்க வேண்டிய நாளும் ஓட்டு நாளும் ஒன்றாகிப் போயின. திருச்சியில் சாயங்காலம் ஐந்து மணிக்கு விமானம். பதினொன்றரைக்குள் ஊரிலிருந்து கார் கிளம்பியாக வேண்டும். "ஏழு மணிக்கே போய் நின்னா ஏழரைக்குப் போட்டுட்டு வந்துடலாம், மச்சான்" என்றாள் மனைவி.

பள்ளிக்கூடத்துச் சாவடியில் போய் நின்றோம், அவள் பெண்கள் வரிசையில், நான் ஆண்கள் வரிசையில். பத்துப் பேர் போட்டிருப்பார்கள், மிஷின் நின்றுவிட்டது. வேறு மிஷின் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். அது வந்துகொண்டே இருந்தது. வெயில் ஏறியது. "சீட்டுல சீல் குத்துற காலத்துல இந்தத் தொல்லை இல்ல. மை காயறதுக்கு முந்தி மடிச்சுட்டா ஓட்டு கெட்டுடுமேங்கிற பயம் மட்டுந்தான்" என்றார் என் பின்னால் நின்ற பெரியவர். இடையில் ஒரு கட்சிக்காரர் முன்னால் நுழையப் பார்த்தார். வரிசை மொத்தமும் சேர்ந்து போட்ட சத்தத்தில் அவர் போன இடம் தெரியவில்லை.

புது மிஷின் வந்து ஓட்டுப் பதிவு மறுபடி ஆரம்பித்தபோது மணி பத்தரை ஆகியிருந்தது. எனக்கு முன்னால் இன்னும் இருபது பேர்.

"என்ன தம்பி, கடிகாரத்தையே பாக்குறீங்க?" என்றார் பெரியவர்.

"இன்னிக்குப் பயணங்க."

எங்கள் ஊரில் பயணம் என்றால் வெளிநாட்டுப் பயணம்தான். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் போய் வந்தவர்கள், மீதிப் பேர் பிள்ளைகளை அனுப்பி வைத்தவர்கள். "பயணக்காரருப்பா, முன்னாடி வுடுங்க!" என்று பெரியவர் குரல் கொடுத்தார். இவ்வளவு நேரம் யாருக்கும் நகராத வரிசை எனக்கு ஒதுங்கி வழி விட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உள்ளே பட்டியலின் கடைசியில் என் பேர் இருந்தது. "பாஸ்போர்ட் காட்டுங்க சார்" என்றார் ஆபீசர். நான் ஆதாரை நீட்டினேன். "வெளிநாட்டு வாக்காளருக்குப் பாஸ்போர்ட்தான் சார். ஒரிஜினல் வேணும்."

இருபத்தேழு வருஷம் அந்தப் புத்தகத்தால் பிழைத்தவன், அதை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். சீ, என்ன மனுஷன் நான்! அங்கே போனால் கம்பெனி வாங்கி வைத்துக்கொள்ளும். இங்கே வந்தால் மனைவி பீரோவில் வைத்துப் பூட்டுவாள், கார் கிளம்பும்போதுதான் கையில் கொடுப்பாள். நானாக அதை எடுத்துப் பழக்கமே இல்லை.

வெளியே வந்தேன். மனைவி வாசலுக்கு மூன்றாவது ஆளாக நின்றாள். விஷயத்தைச் சொல்லிச் சாவியைக் கேட்டேன்.

"சாவியை வாங்கிட்டுப் போயி? எந்தத் துணிக்கு அடியில இருக்குன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியாது. என் வீட்டில் நான் விருந்தாளிதான். அவள் சட்டென்று வரிசையை விட்டு விலகி வீட்டுக்கு நடந்தாள். அரை மணி நேரத்தில், பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு, என்னைக் கூட்டிப்போக வந்த காரிலேயே பள்ளிக்கூட வாசலில் வந்து இறங்கினாள். அவள் மூளை எனக்கு வராது.

விரலில் மை வைத்தார்கள். பட்டனை அமுக்கினேன். கண்ணாடிக்குப் பின்னால் சின்னச் சீட்டு தெரிந்து மறைந்தது, பீப் என்று சத்தம் வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். ஆபீசர் சிரித்தார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் முதல் சம்பளத்தன்றுகூட இல்லை.

வெளியே பெண்கள் என் மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "வா புள்ள, வந்து முன்னாடி நில்லு!"

"வேணாங்க. ஒரே வூட்டுக்கு ரெண்டு தடவ வழி வுடச் சொல்றது நல்லா இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் கடைசியில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் அறுபது பேராவது இருப்பார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். தூரத்திலிருந்தே சலாம் சொல்லிவிட்டு ஏறினேன். பெரம்பலூர் தாண்டும்வரை மனசு அடித்துக்கொண்டது. என் ஒரு ஓட்டுக்காக, ஒரு தேர்தலையும் விடாதவளின் ஓட்டைக் கெடுத்துவிட்டேனோ? வெயில் தாங்காமல் வீட்டுக்குப் போயிருந்தால்? போன் போட்டேன், சுவிட்ச் ஆஃப்.

மூன்று மணிக்கு ஏர்போர்ட்டில் இருந்தபோது அவளே கூப்பிட்டாள்.

"போட்டுட்டேன், மச்சான். இப்பத்தான் வூட்டுக்கு வந்தேன்."

"என்னால ஒனக்கு எவ்வளவு கஷ்டம்!"

"சும்மா இருங்க. ஒவ்வொரு பயணத்துக்கும் நீங்க போன பொறவு அன்னிக்கு மத்தியானம் பூரா அழுதுகிட்டே படுத்துக் கெடப்பேன். இன்னிக்கு வரிசையில நின்னதுல அழ மறந்தே போச்சு" என்று சிரித்தாள்.

அவள் அழுவாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.